லண்டனில் பிரிட்டிஷ் சாப்பாடு: நேரமும் கொழுப்பும் தெரியாமல் கிளம்பாதீர்கள்

லண்டனில் தோசை, கொத்து ரொட்டி, எத்தியோப்பியச் சாப்பாடு, துருக்கிக் கபாப் எல்லாம் ஏறக்குறைய எந்த நேரத்திலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஊர்க்காரர்களின் சொந்தச் சாப்பாடான ரோஸ்ட், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சி, ஒரு தட்டு வேண்டுமென்றால்தான் திண்டாட வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை, அலைந்து பார்த்தவள் சொல்கிறேன். ஆபீஸ் வேலையாக இலையுதிர் காலத்தில் போய் கிறிஸ்துமஸ் வரை இருந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு மாடியில் அறை. வார நாட்களில் மதியம் சூப்பர் மார்க்கெட் சாண்ட்விச், ராத்திரி வந்தால் அக்கா வீட்டுச் சோறு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் திரும்புவதா என்றுதான் சனி, ஞாயிறுகளில் தனியாகக் கிளம்பினேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கோழி, மீன், ஆடு சாப்பிடுவேன், மாட்டிறைச்சி தொடமாட்டேன். பன்றி அவ்வளவாகப் பிடிக்காது. இந்தக் கதையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டிஷ் சாப்பாடு ருசியே இருக்காது, உப்புச் சப்பில்லாதது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல ரோஸ்ட், நல்ல மீன் வறுவல், நல்ல பாலாடைக்கட்டி எல்லாம் அருமையாகவே இருந்தன. நான் அடிபட்டது இரண்டு இடங்களில். ஒன்று நேரம்: எந்தச் சாப்பாடு எந்தக் கிழமை எத்தனை மணி வரை என்பது. இன்னொன்று கொழுப்பு: எதில் பொரித்தார்கள், எதில் வாட்டினார்கள் என்பது. இரண்டும் அந்த ஊர்க்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதல் சனிக்கிழமை செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு மேல் நல்ல பசியோடு வெளியே வந்தேன். சுற்றிலும் பப்கள், பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. அந்தப் பகுதி வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்தது, வார இறுதியில் அங்கே ஆள் கிடையாது, அதனால் பல பப்கள் சனி ஞாயிறு திறப்பதே இல்லை. ஒரு வழியாகத் திறந்திருந்த ஒன்றில் போய் மூலையில் உட்கார்ந்தேன். மேசை மேல் மெனு இருந்தது. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். பணியாள் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், பக்கத்து மேசைக் கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டு புன்னகைத்துவிட்டுத் திரும்பினார். தனியாக வந்த பெண், அதுவும் வெளியூர்க்காரி என்பதால் கண்டுகொள்ளவில்லையோ என்று மனசு எங்கெங்கோ போனது. கடைசியில் நானே எழுந்து கவுண்டருக்குப் போய்க் கேட்டால், "ஆர்டர் இங்கேதான் சொல்ல வேண்டும், ஆனால் கிச்சன் மூன்று மணிக்கே மூடியாச்சு, ஆறு மணிக்குத்தான் திறக்கும்" என்றார். மதியச் சாப்பாடு ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு முடிந்தது.

பப்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடம் பிடித்து மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, கவுண்டருக்குப் போய்ச் சாப்பாடும் பானமும் சொல்லி, பெரும்பாலும் அங்கேயே பணம் கட்டிவிட வேண்டும். சாப்பாடு மேசைக்கு வரும். கத்தி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் சில இடங்களில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் வரிசை என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள், கண்ணைப் பார்த்தால் போதும். சமையலறை பொதுவாக மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று, ராத்திரி ஆறிலிருந்து ஒன்பது. பப் பதினொரு மணி வரை திறந்திருக்கிறது என்பதை நம்பி ஒன்பதரைக்குச் சாப்பிடப் போகாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் வெதர்ஸ்பூன் மாதிரியான பெரிய சங்கிலிப் பப்களில் காலை முதல் ராத்திரி வரை சூடாக ஏதாவது கிடைக்கும். பெரிய ருசியை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் விலை குறைவு, செல்போன் செயலியில் ஆர்டர் செய்தால் மேசைக்கே வந்துவிடும். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. பையை மேசையில் விட்டுவிட்டுக் கவுண்டரில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். மது விற்க உரிமம் உள்ள இடங்களில் வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2010 முதல் இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடும், பில்லிலும் ஏறிவிடும்.

பானம் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பம்பு பிடியை இழுத்து ஊற்றும் மரபான ஏல் வகை பீர், பாதாள அறைக் குளிர்ச்சியில், பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரியில் வரும். ஜில்லென்று இல்லையே, கெட்டுப்போய்விட்டதா என்று நினைக்க வேண்டாம். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சின்னக் கண்ணாடியில் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி, நமக்கு அது அதிகம். அரை பைண்ட் கேட்டால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. சுத்த சைவர்களுக்கு ஒரு தகவல்: இந்த மரபான பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். எல்லா இடத்திலும் இப்போது அப்படி இல்லை, கேட்டுக்கொள்ளலாம்.

பீரில் நான் பணம் விட்டது வேறு வழியில். வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் குழுவாகப் பப்புக்குப் போனோம். நான் சோடாவில் எலுமிச்சை ரசம் கலந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன், இரண்டு பவுண்டுகூட ஆகாது. அதற்குள் ஒருவர் எல்லோருக்கும் வாங்கிவந்துவிட்டார். பெரிய மனசு என்று நினைத்தேன். அடுத்தவர் எழுந்து வாங்கினார், அப்புறம் அடுத்தவர். ஒரு சுற்றுக்குப் பிறகு எல்லோரும் அன்பாக என்னைப் பார்த்தார்கள். மத்திய லண்டனில் ஒரு பைண்ட் ஆறு, ஏழு பவுண்டு. ஆறு பேருக்கு வாங்கியதில் நாற்பது பவுண்டு கரைந்தது, என் வயிற்றுக்குள் போனது இரண்டு எலுமிச்சைச் சோடா. அங்கே ஒருவர் வாங்கித் தருவதை ஏற்றுக்கொண்டாலே நம் முறையும் வரும் என்று அர்த்தம். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சண்டே ரோஸ்ட் என்பது பாதி வீட்டுச் சடங்கு, பாதி பப் சடங்கு. மாடு, ஆடு, பன்றி, கோழி என்று ஏதாவது ஒன்றை வாட்டி, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், யார்க்‌ஷயர் புட்டிங் எனப்படும் உப்பிய மாவுக் கிண்ணம், மேலே கிரேவி. ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் நடந்துவிட்டுப் பப்பில் ரோஸ்ட் சாப்பிட வேண்டும், அதுதான் லண்டன் ஞாயிறு என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். கிளம்பினேன். அன்று பார்த்து ஈஸ்ட் ஹாம் வழியாகப் போகும் ட்யூப் ரயிலில் பராமரிப்பு வேலை, மாற்றுப் பேருந்து. போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. நடந்து முடித்து மூன்று மணிக்கு முதல் பப்பில் நுழைந்தால், "புக்கிங் இருக்கா?" இல்லை. அடுத்ததில் இடம் இருந்தது, ஆனால் கோழி தீர்ந்துவிட்டது, மாடு மட்டும்தான். அதற்கடுத்ததில் ஒரு பெரிய குடும்பம் கோழி, கிரேவி, குழந்தைகள், நாய் என்று அட்டகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ஒவ்வொரு ரோஸ்ட்டாக அழித்துக்கொண்டு வந்த பெண் என்னைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டாள். நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது, மழைத் தூறல் வேறு. நெற்றியில் ஈரத்தோடு கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அடுத்தவர் தட்டைப் பார்ப்பது மாதிரி ஓர் அவமானம் கிடையாது. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை, அது வேறு விஷயம். வீடு திரும்பியபோது ராத்திரி எட்டு. ஒரு முழு ஞாயிறு போனது.

ரோஸ்ட் என்பது காலையிலேயே அடுப்பில் ஏற்றி ஒரு முறை செய்யும் சாப்பாடு. தீர்ந்தால் தீர்ந்ததுதான், திரும்பச் செய்ய முடியாது. பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் இடையில் புக்கிங் செய்யுங்கள், அதுவும் குளிர்காலத்தில் நாலைந்து நாள் முன்னதாகவே. ஒருவருக்கு மட்டும் ஆன்லைனில் இடம் காட்டாமல் போவது உண்டு. போன் செய்து "நான் ஒருத்தி, கவுண்டர் பக்கம் ஸ்டூல் இருந்தாலும் போதும், ஒன்றரை மணிக்குள் எழுந்துவிடுவேன்" என்றால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் வார இறுதி ரயில் நிலவரத்தைப் பாருங்கள். லண்டனில் தண்டவாள வேலைக்கு வார இறுதிதான் நாள்.

அடுத்த முறை அப்படியே போன் செய்து, பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்தேன். கோழி ரோஸ்ட். தோல் மொறுமொறுவென்று, கிரேவி தனிக் குடுவையில். எல்லாவற்றையும் விட உருளைக்கிழங்கு! வெளியே கண்ணாடி மாதிரி நொறுங்கியது, உள்ளே வெண்ணெயாகக் கரைந்தது. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. தட்டு எடுக்க வந்த பையனிடம் "இந்த உருளைக்கிழங்கு மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை" என்றேன். அவன் முகம் மலர்ந்து, "அதுதான் எங்கள் செஃப்பின் ரகசியம், பீஃப் ட்ரிப்பிங்" என்றான். மாட்டுக் கொழுப்பு. சிரித்துத் தலையாட்டிவிட்டேன், வேறென்ன செய்வது. பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பக்தியில் நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் அம்மா முகம் கண் முன்னால் வந்துவிட்டது. கோழிதானே கேட்டேன், மெனுவில் கோழி என்றுதானே போட்டிருந்தது என்று ஆத்திரம். யார் மேல் ஆத்திரப்படுவது? அந்தப் பையனுக்கு அது பெருமைக்குரிய விஷயம்.

அன்றிலிருந்து கேட்கக் கற்றுக்கொண்டேன். மாட்டிறைச்சியோ பன்றியோ விலக்குபவர்கள் அங்கே இறைச்சியைப் பற்றிக் கேட்டால் போதாது, கொழுப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வாட்டுவது சகஜம். யார்க்‌ஷயர் புட்டிங்கின் அச்சில் பழைய முறைப்படி ஊற்றுவது மாட்டுக் கொழுப்புதான். கோழிக்கு ஊற்றும் கிரேவியே மாட்டெலும்புச் சாறில் செய்ததாக இருக்கலாம். இனிப்பில்கூட விடுதலை இல்லை: ஸ்பாட்டட் டிக், ஜாம் ரோலி-போலி போன்ற ஆவியில் வேகவைக்கும் புட்டிங்குகளில் சூயட் சேர்ப்பார்கள். அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் கடைகளில் உண்டு, எது என்று கேட்க வேண்டும். வூஸ்டர் சாஸில் நெத்திலி இனத்து மீன் இருக்கிறது. ஸ்காட்ச் எக் என்றால் முட்டையைச் சுற்றிப் பன்றிக் கைமா. சாசேஜ் என்று மட்டும் எழுதியிருந்தால் பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறைவில்லாமல் சாப்பிடக்கூடிய இனிப்பு வேண்டுமென்றால் ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சை, வெண்ணெய், சர்க்கரைப் பாகு. நான் அதிலேயே குடியிருந்தேன். எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "இதில் மாடு இருக்கிறதா" என்றால் "இல்லை, கோழி" என்று பதில் வந்துவிடும். "மதக் காரணத்தால் மாட்டுக் கொழுப்புகூடச் சாப்பிட மாட்டேன், சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா" என்றால் உண்மையிலேயே உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிச் சொல்வது அங்கே சட்டக் கட்டாயம் என்பதால் தயாராக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஆனால் மாட்டுக் கொழுப்பு அந்தப் பதினான்கில் இல்லை, அந்தப் பட்டியலை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மீனும் சிப்ஸும் பாதுகாப்பானது என்று நினைத்திருந்தேன், அங்கும் இதே கேள்விதான். லண்டன் கடைகள் பலவற்றில் தாவர எண்ணெய், வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்பு அதிகம். லண்டனிலும் தியோபால்ட்ஸ் ரோட்டில் இருக்கும் ஃப்ரையர்ஸ் டிலைட் மாதிரி, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதற்கென்றே பெயர் வாங்கிய கடைகள் உண்டு. அதைச் சாப்பிடுபவர்கள் அது இல்லாமல் சிப்ஸே இல்லை என்பார்கள். நான் வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் நுழைவேன். காட், ஹேடக் இரண்டும் வெள்ளை மீன், முள் பயம் இல்லை. நம் நாக்குக்கு ஹேடக் கொஞ்சம் கூடுதல் ருசி. உப்பும் மால்ட் வினிகரும் தாராளமாகப் போடச் சொல்லுங்கள், அது இல்லாமல் சப்பென்றுதான் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் விலையும் கையில் வாங்கிப்போகும் விலையும் வேறு வேறு, சில கடைகளில் நல்ல வித்தியாசம். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். தனியாகப் போனால் சின்ன அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், பலகையில் எழுதாவிட்டாலும் பல இடங்களில் கொடுப்பார்கள்.

பணத்தில் பெரிய அடி, ஆஃப்டர்நூன் டீ. மூன்றடுக்குத் தட்டில் கீழே விரல் நீளச் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற பன் மாதிரிப் பலகாரம், மேலே கேக். சினிமாவில் பார்த்து ஆசைப்பட்டது. ஒரு ஹோட்டலில் அறுபது பவுண்டுக்கு மேல், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டி ஞாயிறு மதியத்துக்கு இடம் வாங்கினேன். சனி ராத்திரி காய்ச்சல் அடித்துவிட்டது. காலையில் போன் செய்தேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும், பணமும் திரும்பாது, தேதியும் மாற்ற முடியாது என்று மிக மரியாதையான குரலில் சொன்னார்கள். கோபத்தைவிட அழுகைதான் வந்தது, காய்ச்சலும் ஒரு காரணம். மிளகு ரசத்தோடு மேலே வந்த அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பணிஸுக்கு அறுபது பவுண்ஸோ பிள்ளை? எனக்குச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பனே" என்றார். யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். வேறொருவர் அந்தப் பெயரில் போய்ச் சாப்பிடுவதைப் பல இடங்களில் தடுப்பதில்லை. காய்ச்சல் மண்டையில் எனக்கு அது உதிக்கவில்லை, அதற்குள் ரத்து செய்துவிட்டிருந்தேன்.

முன்பணம் கட்டும் இடங்களில் ரத்து விதியைத்தான் முதலில் படிக்க வேண்டும், மெனுவை அப்புறம் பார்க்கலாம். பணமே கட்டாமல் கார்டு எண் மட்டும் வாங்கும் உணவகங்களும் வராவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பேருக்குக் குறைந்து தர மாட்டோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. ரிட்ஸ் ஹோட்டல் தேநீர் அறைக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிந்துதான் போக வேண்டும், அதற்காகக் கடன் கேட்டு அலைய வேண்டியிருக்கும். எனக்குக் கடைசியில் மனம் நிறைந்தது தெற்கு கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சிற்றுண்டிச் சாலை. உலகில் அருங்காட்சியகத்துக்குள் முதலில் திறந்த உணவகம் இதுதான் என்பார்கள். விக்டோரியா காலத்துப் பீங்கான் ஓடு பதித்த தூண்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், அனுமதி இலவசம். ஸ்கோன், கட்டி கிரீம், ஜாம், ஒரு பானைத் தேநீர். ஹோட்டலில் விட்ட காசில் சின்னப் பங்குதான் ஆனது. ஸ்கோன் மேல் ஜாம் முதலா கிரீம் முதலா என்பதில் கார்ன்வால், டெவன் என்ற இரண்டு பக்கத்து மாவட்டங்களுக்கும் தீராத சண்டை. நான் கார்ன்வால் கட்சி, ஜாம்தான் முதலில்.

பில் வரும்போது கீழே ஒரு வரியைப் பாருங்கள். மேசையில் பரிமாறும் லண்டன் உணவகங்களில் பன்னிரண்டரை சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல், சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேர்ந்திருக்கும். அது உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பரிமாறல் மோசமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், சண்டை போட வேண்டியதில்லை. அதைக் கட்டிய பிறகு கார்டு இயந்திரம் தன் பங்குக்கு டிப்ஸ் எவ்வளவு என்று மறுபடி கேட்கும். ஒரு முறை இரண்டும் கட்டிவிட்டேன், வெளியே வந்துதான் கணக்கு உறைத்தது. டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, ஆகவே ஒரு முறை கட்டினால் போதும் என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்தலாம். பப் கவுண்டரில் டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தனியாகப் போகிறவர்களுக்குச் சொர்க்கம் என்றால் பழைய காலத்து 'கஃப்'கள், அதாவது எளிய சிற்றுண்டிக் கடைகள்தான். பெத்னல் கிரீன் ரோட்டில் ஈ. பெலிச்சி, 1900 முதல் ஒரே இத்தாலியக் குடும்பம் நடத்துகிறது. மரத்தில் இழைத்த சுவர்கள், பாதுகாக்கப்பட்ட கட்டடம். கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள், பத்து நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். "என்ன வேணும் லவ்?" என்று கேட்டபோது, அத்தனை வாரம் அந்த ஊரில் இருந்ததில் முதல் முறையாக வேற்று ஆள் என்ற நினைப்பு போனது. ஞாயிறு விடுமுறை. பிம்லிகோ பக்கம் ரீஜன்சி கஃபே, 1946இல் வந்தது, வெளியே கறுப்பு ஓடு. கவுண்டரில் ஆர்டர் சொல்லிப் பணம் கட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தட்டு தயாரானதும் ஒரு குரல் கடையே அதிரும்படி கூப்பிடும், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபுல் இங்கிலீஷ் காலை உணவில் பேக்கன், சாசேஜ் இரண்டும் பன்றி, பிளாக் புட்டிங் பன்றி ரத்தம். வேண்டாம் என்றால் முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். ஒரே கல்லில்தான் எல்லாம் பொரியும், அதில் கண்டிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அந்தத் தேநீர் நம் டீக்கடைக் கட்டி டீக்கு அண்ணன்தம்பி, சர்க்கரை மட்டும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

பை அண்ட் மேஷ், அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பலகாரமும் மசித்த உருளைக்கிழங்கும், கிழக்கு லண்டன் தொழிலாளர் சாப்பாடு. டவர் பிரிட்ஜ் ரோட்டில் எம். மான்ஸ், 1902 முதல் இருக்கிறது, பளிங்கு மேசை, மர பெஞ்சு. வழக்கமான பையில் மாட்டுக் கைமாதான், எனவே நான் கிரீனிச்சில் 1890இல் தொடங்கிய காடர்ட்ஸுக்குப் போனேன், அங்கே இறைச்சியில்லாத பையும் உண்டு. மேலே ஊற்றும் பச்சைச் சாறு பார்ஸ்லி இலையில் செய்தது, பழைய முறையில் விலாங்கு வேகவைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். மிளகாய் வினிகர் நிறைய ஊற்றினால் நன்றாக இருக்கும். ஊற்றாவிட்டால் எனக்கு இறங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்பவர்களுக்கு: ஸ்மித்ஃபீல்டு சந்தைப் பக்கம் செயின்ட் ஜான், ஃபெர்கஸ் ஹெண்டர்சன் 1994இல் தொடங்கியது. மிருகத்தின் எந்தப் பாகத்தையும் வீணாக்காத சமையல் என்று உலகப் பெயர். அங்கே பிரசித்தமான எலும்பு மஜ்ஜை கன்றுக்குட்டியுடையது, நமக்கு ஆகாது. நான் பார் பகுதியில் உட்கார்ந்து எக்கிள்ஸ் கேக்கும் லாங்கஷயர் சீஸும் சாப்பிட்டேன். உலர்திராட்சை அடைத்த மொறுமொறுப்பான பலகாரத்தோடு உப்புச் சீஸ், இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் உச்சம். செயின்ட் பால் தேவாலயம் இருக்கும் அந்த அலுவலகப் பகுதியில் 1889இன் ஸ்வீட்டிங்ஸ் மீன் உணவகம் வார நாள் மதியம் மட்டும்தான், வார இறுதியில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். கவுண்டர் இருக்கைகள் இருப்பதால் தனியாள் கூச்சமில்லாமல் உட்காரலாம். குளிர்காலத்தில் காட்டுப் பறவைக் கறி சாப்பிட்டால் மெதுவாக மெல்லுங்கள், துப்பாக்கிச் சிறு குண்டு பல்லில் படும். எனக்குப் பட்டது. தெருவோரம் பச்சை நிற மரக் குடில் தெரிந்தால் அது 1875 முதல் டாக்சி ஓட்டுநர்களுக்காகக் கட்டியது. இன்று பதின்மூன்றுதான் மிச்சம். உள்ளே ஓட்டுநர்கள் மட்டும், ஆனால் ஜன்னல் வழியாக யாருக்கும் தேநீரும் முட்டை ரோலும் கிடைக்கும், விலையும் ஏழைக்கு ஏற்றது. ரஸ்ஸல் ஸ்குவேரில் ஒன்று இருக்கிறது.

டிசம்பரில் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாதத் தொடக்கத்திலிருந்தே ஆபீஸ் விருந்துகள் மேசைகளைப் பிடித்துக்கொள்ளும், பல பப்கள் வழக்கமான மெனுவை எடுத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் மெனு மட்டும் வைக்கும், அதற்கும் முன்பணம். மின்ஸ் பை வாங்கினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே இருப்பது உலர்பழம்தான், ஆனால் சூயட் மாட்டுடையதா தாவரமா என்று எழுதியிருக்கும். 25ஆம் தேதி லண்டனில் ட்யூபும் ஓடாது, பேருந்தும் ஓடாது, பெரிய கடைகள் திறக்கச் சட்டத்திலேயே தடை. திறந்திருக்கும் ஹோட்டல் உணவகங்கள் மூன்று மடங்கு கேட்கும், அங்கே போக டாக்சிக்கும் கூடுதலாக ஆகும். 24ஆம் தேதி மதியத்துக்குள் பால், ரொட்டி, முட்டை வாங்கி வைத்துவிடுங்கள், அன்று கடைகள் சீக்கிரமே அடைத்துவிடுகிறார்கள்.